வலி குறைந்ததை நம்பலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. காலையில் மேல்வயிற்றில் கடும் வலி. ‘கேஸ்’ என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மதியம் வலி தணிந்தது. இரவு மயங்கி விழுந்தார். மண்ணீரல் தமனி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருக்கிறதாம். ‘காயில்’ (coil) என்ற மெல்லிய உலோகச் சுருளை வைத்து அடைத்திருக்கிறார்கள். அடிபடாமலே இப்படி நடக்குமா? மறுபடி வருமா?

பதில்: நடக்கும். தமனிச் சுவர் நலிந்த இடம் பலூன்போல் புடைப்பதை அனியூரிசம் என்கிறோம். வயிற்று உறுப்புகளுக்குப் போகும் தமனிகளில் இது அதிகம் வருவது மண்ணீரல் தமனியில்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் பல பிரசவம் கண்டவர்களுக்கு, அதிகம். கணைய அழற்சியும் கல்லீரல் சுருக்கமும் மற்ற காரணங்கள்.

மதியம் வலி தணிந்ததுதான் இதில் பொல்லாத கட்டம். வெடித்ததும் ரத்தம் முதலில் இரைப்பைக்குப் பின்னால் உள்ள சிறு பையில் தேங்கும். அந்த அழுத்தமே கசிவைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கும், பிரஷர்கூட தேறிவிடும். சில மணி நேரம் கழித்து, சிலருக்கு ஓரிரு நாள் கழித்து, தேங்கிய ரத்தம் வயிறு முழுக்கப் பாயும். வெடிப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படி இரண்டு கட்டமாக நடக்கிறது.

முதல் ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றும். அணுக்களும் நீரும் ஒன்றாகவே வெளியேறுவதால் ஹீமோகுளோபின் உடனே இறங்காது. நாடி 100-ஐத் தாண்டுவது, குளிர்ந்த வியர்வை, எழுந்து நின்றால் தலைசுற்றல், படுத்தால் இடது தோளில் வலி: இவைதான் முந்திக்கொண்டு சொல்பவை. பெரியவர்களுக்குப் பிரஷர் சரிவதற்குள் சுமார் ஒன்றரை லிட்டர் போயிருக்கும். ஆகவே, இந்த அறிகுறிகள் தெரிந்தால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள், சி.டி. ஸ்கேனும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்கே போங்கள்.

காயிலால் அடைத்த தமனி மீண்டும் திறப்பது குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் சில மாதங்களில் ஒரு ஸ்கேன், பிறகும் அவ்வப்போது. முதல் சில நாள் லேசான காய்ச்சலும் இடப்பக்க வலியும் இருக்கலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் தொடர்ந்தால் மண்ணீரலில் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண்ணீரலை எடுக்க நேர்ந்தாலோ அதன் பெரும்பகுதி செயலிழந்தாலோ நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (Hib) ஆகிய கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் அவசியம். வழக்கமாக சிகிச்சை முடிந்து 14 நாள் கழித்துப் போடுவார்கள்.

வேறு தமனிகளிலும் புடைப்பு இருக்கிறதா என்று அதே சி.டி. படத்தைப் பார்த்துச் சொல்லும்படி டாக்டரிடம் கேளுங்கள். இருந்து, அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், அது எந்தத் தமனி, எத்தனை சென்டிமீட்டர் என்பதை வைத்துத்தான் சிகிச்சையா கண்காணிப்பா என்று முடிவாகும். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு மண்ணீரல் தமனியில் இது தெரிந்தால் மட்டும் அளவு பார்த்துக் காத்திருப்பதில்லை. கர்ப்பத்தில் வெடித்தால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.