தூத்துக்குடி மாவட்டத்து மண்: கேட்டவர்களுக்குப் பதில்

ஊர், மண்ணின் ஆழம், தண்ணீர் வசதி மூன்றையும் எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

விளாத்திகுளம்: அண்ணாச்சி, நாலு ஏக்கர் கரிசல். கிணறு கிடையாது. மக்காச்சோளம் படைப்புழுவில் போய்விட்டது. நிலக்கடலை போடலாமா, வேறு ஏதாவதா?

கடலை வேண்டாம். முதலில் கடப்பாரையால் நாலு இடத்தில் குழி தோண்டிப் பாருங்கள் தம்பி. மூன்றடி வரை சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) தட்டாவிட்டால் பருத்தி, சோளம் போடலாம். ஒரு அடி, ஒன்றரை அடியிலேயே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் வந்தால் உளுந்து, பாசிப்பயறு, கம்பு, குதிரைவாலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நமக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு பருத்தி காய் பிடிப்பதெல்லாம் கரிசல் அடியில் பிடித்துவைத்த ஈரத்தில்தான். ஆழம் இல்லாத மண்ணில் தை பிறக்கும்போதே செடி வாடி நிற்கும்.

புரட்டாசியில், மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாகப் போடுங்கள். விதை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விழ வேண்டும். மேலாக விழுந்தால் ஒரு தூறலுக்கு முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும். பருத்திக்கு ஊடுபயிராக உளுந்து போட்டால் செலவுக்காவது ஆகும்.

இன்னொன்று: ஈரக் கரிசலில் டிராக்டரை இறக்காதீர்கள். சக்கரம் போன தடம் இறுகிவிட்டால் அங்கே வேர் இறங்காது.

கயத்தாறு: உளுந்து இலை மஞ்சளாகிறது. யூரியா போடவா?

கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இரும்பு இருக்கும், பயிருக்குக் கிடைக்காது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். திட்டுத்திட்டாகப் பளிச்சென்ற மஞ்சள் என்றால் அது தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புவது. அந்தச் செடியைப் பிடுங்கி அழித்துவிடுங்கள். இரண்டுக்கும் யூரியா மருந்தில்லை.

ஒட்டப்பிடாரம்: மண் பரிசோதனையில் கார அமில நிலை 8.4. சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள்.

போடவே கூடாது. அது புளிப்பு மண்ணுக்கு, உங்களுடையது கார மண். சோடியம் அதிகம் என்று அட்டையில் இருந்தால் மட்டும் ஜிப்சம்.

உடன்குடி: தேரி மணல் (சிவப்பு மணல் மேடு), இரண்டு ஏக்கர்.

பனை, முந்திரி. சொட்டுநீர் போட முடிந்தால் முருங்கை. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும் மண், அதனால் உரத்தைச் சிறுகச் சிறுகப் பிரித்துப் போடுங்கள். உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் இருக்கிற பனையை வெட்டிவிட்டுத் தென்னை வைப்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

ஸ்ரீவைகுண்டம்: வாழையா, நெல்லா?

தாமிரபரணி வண்டல், வாய்க்கால் பாசனம். இரண்டும் வரும். உங்கள் ஊர்ச் சந்தையைக் கேளுங்கள்.

கோவில்பட்டி: கடலை வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் பிறகு எதில் செய்வதாம்? எங்கள் தாத்தா கரிசலில்தான் கடலை போட்டார்.

2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மிட்டாய்க்கு. நான் சொன்னது செடியைப் பற்றி. பூத்த பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். கரிசல் காய்ந்தால் கல், விழுது இறங்காது. பறிக்கும்போது காய்ந்திருந்தால் செடி கையோடு வரும், காய் மண்ணில் தங்கும். ஈரமாக இருந்தால் காயில் மண் அப்பிக்கொள்ளும். செவலில், அதாவது செம்மண்ணில், பிடுங்கி ஒரு உதறு உதறினால் போதும்.

எட்டயபுரம்: எங்கள் காட்டில் நன்றாகவே வருகிறது, அண்ணாச்சி. கரிசல்தான்.

காய்ந்தால் என்ன நிறம்?

எட்டயபுரம்: கொஞ்சம் சிவப்பு ஓடும். சரளையும் உண்டு.

அது செவல் கலந்த மண். தாராளமாகப் போடுங்கள்.

கோவில்பட்டி: அப்படியானால் தாத்தா பொய் சொன்னாரா?

இல்லை. மண்வெட்டியால் கொத்தி, ஆள் வைத்து ஒவ்வொரு காயாகப் பொறுக்கியிருப்பார். இன்றைய கூலிக்குக் கட்டுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பசுவந்தனை: வெண்ணெய்ப்பழம் வருமா?

வராது.

புதூர்: கரிசலில் வீடு கட்டினேன், சுவர் விரிகிறது.

மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும் களி. அஸ்திவாரத்துக்குப் பொறியாளரைப் பாருங்கள்.

நான்கு பேர்: எங்கள் நிலத்தில் என்ன போடலாம்?

ஊர்? ஆழம்? தண்ணீர்? மேலே முதல் வரியைப் படியுங்கள்.

எட்டயபுரம்: நேற்று மழை. இன்று உழுதுவிடவா?

விளாத்திகுளத்துக்காரருக்குச் சொன்னதுதான். ஒரு பிடி மண்ணை உருட்டுங்கள். உருண்டை பிசுபிசுவென்று ஒட்டினால் டிராக்டர் வீட்டிலேயே நிற்கட்டும். உதிர்ந்தால் உழுங்கள்.

ஒட்டப்பிடாரம்: மண் மாதிரி எடுத்தது சரியா என்று சந்தேகம். வரப்போரத்தில் எடுத்தேன்.

அந்த 8.4-ஐ மறந்துவிடுங்கள். வரப்பு, எருக்குழி, மர நிழல் இந்த இடங்களை விட்டுவிட்டு, காட்டில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' எழுத்துப்போல் அரை அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொடுங்கள். சுண்ணாம்பு அதற்குப் பிறகும் வேண்டாம்.