மறு கன்னமும் முறையீடும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் 800 மீட்டர் ஓடுபவள். போன மாதம் அணித் தேர்வு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். முதல் இரண்டு பேருக்கு இடம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பட்டியல் வந்தபோது என் பெயர் இல்லை, மூன்றாவதாக வந்தவளின் பெயர் இருந்தது. பயிற்சியாளரிடம் கேட்டேன். "உனக்கு இன்னும் வயதிருக்கிறது" என்பதோடு முடித்துக்கொண்டார். எங்கள் போதகரிடம் போய் அழுதேன். "மறு கன்னத்தைக் காட்டு, முறையிடாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். முறையிடுவது விசுவாசக் குறைவா? அந்தப் பெண் என் தோழி. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முறையிடுங்கள். அது பாவமில்லை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவையே ஒருவன் கன்னத்தில் அறைந்தான். பிரதான ஆசாரியன் முன்னால் அவர் விசாரணைக்கு நின்ற இரவு அது. அப்போது அவர் மறு கன்னத்தைத் திருப்பியதாக யோவான் எழுதவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டதாகத்தான் எழுதியிருக்கிறார். கை ஓங்கவில்லை, வையவில்லை, ஆனால் காரணம் கேட்டார். நீங்கள் கேட்க வேண்டியதும் இதுதான். நான் எதில் குறைந்தேன், சொல்லுங்கள். குறையவில்லை என்றால் என் பெயர் ஏன் இல்லை?

பவுலையும் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில், சத்தமில்லாமல் போய்விடலாம் என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. எல்லோர் முன்பாகவும் அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். பழிவாங்காதிருங்கள் என்று ரோமருக்கு எழுதியவரும் இவர்தான். இரண்டும் அவருக்கு ஒன்றோடொன்று மோதவில்லை.

என் கதையையும் சொல்கிறேன். இருபது வயதில் எனக்கும் இப்படி ஒன்று நடந்தது, 1500 மீட்டரில். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சபையில் சாட்சிகூடச் சொன்னேன். ஆனால் அன்று கழற்றிப் பைக்குள் போட்ட ஸ்பைக்ஸை, அதாவது ஆணி வைத்த ஓட்டக் காலணியை, ஒரு வருடம் வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது ஆணிகளுக்கு நடுவே அன்றைய மண் கல்லாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. என் இடத்தில் ஓடியவன் தோற்றான் என்று கேள்விப்பட்ட நாளில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அது மன்னிப்பே இல்லை, தங்கை. கேட்கப் பயந்தேன். அந்தப் பயத்துக்கு ஒரு வசனத்தைப் போர்த்தி வைத்திருந்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

மறு கன்னம் என்றால் எனக்கு ஜாக்கி ராபின்சன்தான் நினைவுக்கு வருவார். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் கறுப்பின வீரர்களுக்குப் பல பத்தாண்டுகளாக இருந்த தடையை உடைத்த கறுப்பின வீரர். அவரை அணிக்கு எடுத்த பிராஞ்ச் ரிக்கியும் அவரைப் போலவே மெதடிஸ்ட் கிறிஸ்தவர். 1945-ல் முதன்முதலாகச் சந்தித்தபோதே, யார் எவ்வளவு இழிவுபடுத்தினாலும் பதிலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது என்று ரிக்கி கேட்டுக்கொண்டார். ராபின்சன் சம்மதித்தார். அவர் அடங்கிப் போகிற ஆள் இல்லை. 1944-ல் ராணுவத்தில் இருந்தபோது பேருந்தின் பின்பக்கம் போய் உட்காரச் சொன்னதற்கு மறுத்து, ராணுவ நீதிமன்றத்தில் நின்று, குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர். அப்படிப்பட்டவர், தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகத் தெரிந்தே வாயைக் கட்டிக்கொண்டார். அதற்கு ஒரு கால எல்லையும் இருந்தது. 1949-ல் கட்டு தளர்ந்தபோது நடுவர்களோடு நேருக்கு நேர் வாதாடினார். லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

இதில் என் மனதை விட்டுப் போகாத ஆள் வேறொருவர். முதல் சில வாரங்களிலேயே பிலடெல்பியா அணி புரூக்ளினுக்கு ஆட வந்தது. அதன் மேலாளர் பென் சாப்மனும் அவருடைய ஆட்களும் ராபின்சனை நிறத்தைச் சொல்லி விடாமல் வைதார்கள். அவரால் பதில் பேச முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அப்போது எட்டி ஸ்டாங்கி என்ற சக வீரர், ராபின்சனோடு நெருக்கம் என்று சொல்ல முடியாதவர், அந்தப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார்: பதில் சொல்லக்கூடிய ஒருவனைத் திட்டிப் பாருங்கள் என்று.

அடி வாங்கியவர் தன் கன்னத்தைத் தானே திருப்பலாம். பக்கத்தில் நிற்பவர், திருப்பு திருப்பு என்று சொல்லக் கூடாது. பக்கத்தில் நிற்பவருக்கு வேதம் சொல்வது வேறு. "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்று நீதிமொழிகளில் இருக்கிறது. உங்கள் போதகர் நல்ல மனதோடுதான் பேசியிருப்பார். இந்த வசனத்தை அவரிடம் மரியாதையாகக் காட்டி, முறையிடப் போகும்போது கூட வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

முறையீடு ஆட்டத்துக்கு வெளியே இருக்கிற விஷயமும் இல்லை. தடகள விதிகளில், ஓட்ட முடிவை அறிவித்து 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வழி இருக்கிறது. அதற்கு மேல் முறையீட்டுக் குழு இருக்கிறது. சர்வதேச விளையாட்டு வழக்குகளைக் கேட்க 1984 முதல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒரு நடுவர் மன்றமே இயங்குகிறது. உங்களுடையது அணித் தேர்வு, அதற்கான நடைமுறை தனி. அதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசித் தேதி இருந்தால் தவறவிடாதீர்கள். முதல் இருவருக்கு இடம் என்று சொன்ன அறிவிப்பு, உங்கள் நேரம், அவளுடைய நேரம் மூன்றையும் வைத்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதிலேயே ஒரு வரி, தேர்வுக்கு வேறு அளவுகோல் ஏதும் இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருக்கவும் கூடும். அப்படியானால் அதையும் கேட்டுக்கொள்ளும் மனதோடு போங்கள்.

எழுதியதை ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் உங்கள் தோழியை நினைத்துக்கொண்டு படியுங்கள். அவளைக் குறைத்துச் சொல்லும் வரி ஏதாவது இருந்தால் அடித்துவிடுங்கள். பட்டியலை அவள் எழுதவில்லை. முறையிடப் போவதை அவளிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், மற்றவர் வாயால் அவள் கேட்க வேண்டாம்.

கோபத்தோடு ஜெபிக்கலாமா என்கிறீர்கள். பதின்மூன்றாம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்றுதான் தொடங்குகிறது. அங்கிருந்தே தொடங்குங்கள்.

முறையீடு தள்ளுபடி ஆகவும் வாய்ப்பிருக்கிறது. அன்று ரொம்ப வலிக்கும். ஆனாலும் பயிற்சியை நிறுத்தாதீர்கள், ஸ்பைக்ஸைப் பைக்குள் போட்டு வைக்காதீர்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்