தூண்களில் அவ்வளவு பெரிய முகங்களை எப்படி வரைகிறார்கள், எதற்காக?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வார்விக் சந்தைப் பக்கம் போனவர்கள் கேட்கும் கேள்விதான் இது. மேம்பாலத் தூண்களில் இருக்கும் அந்த முகங்களை 2014-இல் வரைந்தவர், ஃபெயித்47 என்ற பெயரில் வரையும் கேப் டவுன் ஓவியர். அங்கே கடை போடும் சாதாரண வியாபாரிகளின் முகங்கள் அவை.

முதலில் எப்படி என்பது. பெரிய சுவரில் அளவு பிசகாமல் இருக்க, பலர் முதலில் சுவர் முழுக்கக் கன்னாபின்னாவென்று கிறுக்குவார்கள். எழுத்து, வட்டம், எதுவானாலும் சரி. அதைப் படமெடுத்து, போனில் அதன்மேல் தங்கள் ஓவியத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். மூக்கு நுனி எந்தக் கிறுக்கலில் விழுகிறதோ, சுவரிலும் அங்கேயே. புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். அப்புறம் ஸ்பிரே டப்பா: கிட்டே பிடித்தால் கூர்மையான கோடு, தள்ளிப் பிடித்தால் புகைபோன்ற நிழல். அனுமதியில்லாமல் வரைபவர்களுக்கு இதற்கெல்லாம் நேரமேது? உருவத்தை வெட்டியெடுத்த அட்டையைச் சுவரில் வைத்து அடித்துவிட்டு ஓட்டம்தான்.

எதற்காக? பெயர் பதிக்க, கோபத்தைச் சொல்ல, சில சமயம் கூலிக்கு. வார்விக்கில் எனக்குத் தோன்றும் காரணம் வேறு. டர்பன் இந்தியர்களான நம் தோட்டக்காரத் தாத்தாக்கள் காய்கறி விற்ற, வார்விக்கிலேயே உள்ள விடியற்காலைச் சந்தையை இடித்து மால் கட்ட 2009-இல் திட்டம் வந்தது. வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள், சந்தை பிழைத்தது. அதே வட்டாரத்தில், விளம்பரத்துக்குப் போயிருக்கக்கூடிய தூணில் ஒரு வியாபாரியின் முகம்.