ஏஐ எழுதிய கோடுக்கு யார் கையெழுத்து?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு முதன்முறையாக ஒரு டிரைவர் பேட்ச் (சாதனத்தை இயக்கும் நிரலில் ஒரு மாற்றம்) அனுப்பப் போகிறேன். அதன் கோடில் (நிரலில்) பாதிக்கு மேல் ஏஐ எழுதியது. பின்னால் பிழை வந்தாலோ, அது வேறொருவர் கோடு என்று தகராறு வந்தாலோ யார் பொறுப்பு?
– கோவை வாசகர்

பதில்: நீங்கள்தான். பேட்சின் அடியில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று உங்கள் பெயரும் மின்னஞ்சலும் வருகிறதே, அந்த ஒரு வரியில்தான் பொறுப்பு முழுவதும் இருக்கிறது. 2003-ல் எஸ்சிஓ நிறுவனம், தன் யூனிக்ஸ் கோடு லினக்ஸுக்குள் போய்விட்டதாக ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த வரி யார் வழியாக வந்தது என்பதற்குத் தடம் வேண்டும் என்று 2004-ல் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ‘இதைத் தர எனக்கு உரிமை உண்டு’ என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி அது. அதைக் கருவியால் கொடுக்க முடியாது.

அதனால்தான் கெர்னல் விதி, ஏஐ அந்த வரியைச் சேர்க்கவே கூடாது என்கிறது. கருவியின் பெயரையும் மாடல் பதிப்பையும் ‘அசிஸ்டட்-பை’ என்ற தனி வரியில் போடுங்கள். சில கருவிகள் கேட்காமலே ‘கோ-ஆதர்ட்-பை’ என்று தம் பெயரைச் சேர்த்துவிடும். அனுப்புமுன், பேட்சோடு போகும் விளக்கக் குறிப்பான கமிட் செய்தியைத் திறந்து பார்த்து அதை எடுத்துவிடுங்கள்.

இனி கோடு. எல்லாம் சரியாக நடக்கும் பாதையை ஏஐ பெரும்பாலும் ஒழுங்காகவே எழுதும். சறுக்குவது பிழைப் பாதையில். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூடெக்ஸைப் பூட்டும், அடுத்த அழைப்பு தோற்றதும் நேராக ‘ரிட்டர்ன்’ என்று வெளியேறிவிடும். பூட்டு பூட்டியபடியே கிடக்கும். அடுத்து அதைக் கேட்டு வரும் ப்ராசஸ் அங்கேயே தொங்கி நிற்கும். சாதனம் கழன்றதும் கெர்னலே விடுவித்துவிடும் ‘டெவ்எம்’ வகை அழைப்பில் வாங்கிய நினைவகத்தை ‘கேஃப்ரீ’ போட்டு விடுவிப்பதும் உண்டு. சாதனத்தைக் கழற்றும்போது கெர்னல் அதையே மறுபடி விடுவிக்கும். ஆகவே ஒவ்வொரு ரிட்டர்னிலும் நின்று, அதற்கு மேலே வாங்கியது, பூட்டியது ஒவ்வொன்றையும் எண்ணிப் பாருங்கள். பேட்சைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவி பெரும்பாலும் எழுதும் நடையைத்தான் பார்க்கும், இதைப் பிடிக்காது. பூட்டுப் பிழையைப் பிடிக்கும் லாக்டெப், நினைவகப் பிழையைப் பிடிக்கும் கேசன் இரண்டையும் இயக்கிய கெர்னலில், அழைப்பை வேண்டுமென்றே தோற்கவைத்து ஓட்டுங்கள்.

‘இந்த வரி எதற்கு?’ என்று அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் கேட்டால் கருவியிடம் ஓடாமல் பதில் சொல்ல முடியாத வரி ஒன்று இருந்தாலும், பேட்ச் இன்னும் தயாராகவில்லை.

இன்னொன்று: எல்லாத் திட்டமும் ஏஐ கோடை ஏற்பதில்லை. ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் தடை செய்துவிட்டது. நெட்பிஎஸ்டி இயங்குதளத்தில், திட்டத்தை வழிநடத்தும் கோர் குழுவின் எழுத்துமூல அனுமதி முதலில் வேண்டும்.