யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றலாமா? எந்தச் சைக்கிள் தோதாக இருக்கும்?

தாராளமாகச் சுற்றலாம். 1884இல் சான்பிரான்சிஸ்கோவில் புறப்பட்ட தாமஸ் ஸ்டீவன்ஸ், முன்சில்லு நெஞ்சளவு உயரம் நிற்கும் சைக்கிளிலேயே 1886 கடைசியில் யோகோகாமா போய்ச் சேர்ந்தார். கியரும் இல்லை, காற்றடிக்கிற ரயரும் இல்லை. 2017இல் மார்க் போமன்ட் 79 நாளுக்குள் சுற்றி முடித்தார். அது சாதனைக்காக ஓடினது, அதைப் பார்த்து நாள் கணக்குப் போடாதேங்கோ.

இரும்புச் சட்டம் எடுங்கோ. வெடித்தால் எந்த ஊர் ஒட்டுக்கடையிலும் ஒட்டலாம், அலுமினியத்தை எல்லாரும் தொடமாட்டினம். சில்லு 26 இஞ்சி நல்லம்.

கனபேர் யோசிக்காதது பின்சில்லுக் கம்பி. பாரம் முழுக்கப் பின்னுக்குத்தான், அதிலும் சங்கிலிப் பக்கக் கம்பிதான் முதலில் அறும். மாற்றவேண்டுமென்றால் பல்லுச்சக்கரத்தைக் கழற்றவேணும். அதற்குரிய சாவியும் அளவான கம்பி நாலைந்தும் கையோடு இருக்கட்டும். கழற்றிப் பூட்ட வீட்டு முற்றத்திலேயே பழகுங்கோ.

எங்கட ஊர் தட்டை, ஏற்றம் பழக வழியில்லை (பண்ணைப் பாலத்து எதிர்காற்றைச் சேர்க்கலாம்!). முழுப் பொதியோடு ஏ9 வீதியால் கண்டிவரை ஒருக்கால் போய்ப் பாருங்கோ, சுமார் 320 கிலோமீற்றர். மாத்தளை தாண்டினதும் எந்தச் சாமானை வீட்டில் விட்டிருக்கலாம் என்று முழங்கால் சொல்லும்.