அரசியல் பக்கமே போகாம வேலை, புள்ளைங்க ஸ்கூல்னு மட்டும் இருந்துக்க முடியாதா?

கேள்வி கேட்டவரு, வேலை செய்யற எடத்துலயும் அரசியல், புள்ள படிக்கற ஸ்கூல்லயும் அரசியல், இதுல இருந்து ஒதுங்கி நிம்மதியா இருக்க வழியே இல்லையான்னு கேட்டிருக்காரு. இல்லைங்க. நான் திருப்பூர் மாவட்டத்துல ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில டீச்சர், வீட்டுக்காரர் சின்னதா பவர் டேபிள், அதாவது மோட்டார்ல ஓடற தையல் மெஷினுங்க போட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் எடுத்து தெச்சுக் குடுக்கறாரு. ரெண்டு பேரும் எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போறவங்க இல்ல, அரசு ஊழியர்ங்கறதால நான் கட்சியில சேரவும் கூடாது. அப்படி இருந்தும் எங்க வீட்டுல அரசியல் நொழையாத மூலையே இல்ல.

எங்க பக்கம் யாரைக் கேட்டாலும் "நமக்கெதுக்குங்க அரசியல், பொழப்பப் பாப்போம்"னு தான் சொல்லுவாங்க. பொழப்ப வுட்டா கஞ்சி இல்லைங்கற ஊரு, அதனால சொல்றாங்க, புரியுது. ஆனா அந்த அரசியல் வந்து நிக்கறதே பொழப்பு நடக்கற எடத்துல தானுங்களே.

2025 ஆகஸ்ட எடுத்துக்கங்க. அமெரிக்காக்காரங்க மொதல்ல நம்ம நாட்டு சரக்குக்கு 25 சதவீதம் வரி போட்டாங்க, அப்புறம் ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்கறோம்னு இன்னொரு 25 சேத்து ஆகஸ்ட் 27ல இருந்து மொத்தம் 50 ஆக்கிட்டாங்க. திருப்பூர்ல இருந்து போற சரக்குல பெரிய பங்கு அங்கதான் போகுது. அங்க சரக்கு வாங்கற பையருங்க ஆர்டர நிறுத்தி வைங்கன்னாங்க, இல்லாட்டி வரியில ஒரு பங்க நீங்க தாங்குங்கன்னாங்க, கம்பெனிக்காரங்க பீஸ் ரேட்ட, ஒரு துணிக்கு இவ்வளவுன்னு குடுக்கற கூலிய, கொறைச்சுக்கங்கன்னு எங்ககிட்ட வந்தாங்க, நாங்க யாருகிட்டங்க போறது, டெய்லருகிட்டத்தான் போகோணும், அதுக்கு எங்க வீட்டுக்காரருக்கு மனசு வரல. ஒன்னரை ஷிப்ட் ஓடிட்டு இருந்த எடத்துல ஒரு ஷிப்டுக்கே துணி வரல. சனிக்கிழமை சம்பளம் வாங்கறப்ப ஓவர்லாக் அடிக்கற அக்கா ஒருத்தரு "ஏனுங்ண்ணா, தீபாவளிக்குள்ள சரியாயிருமுங்களா"ன்னு கேட்டாங்க, இவரு தலைய ஆட்டினாரே ஒழிய வாயத் தொறக்கல. அன்னிக்கு ராத்திரி பூரா அந்த வெசனம்தான். எண்ணெய் யாரு யாருகிட்ட வாங்கினா என்ன, அதுக்கும் அந்த அக்காவுக்கும் என்னங்க சம்பந்தம்? அரையாண்டு லீவு முடிஞ்சு நான் வருகைப் பதிவேட எடுத்துப் பேரு வாசிச்சா சில புள்ளைங்க இல்ல. தேனிப் பக்கம் சொந்த ஊருக்கே குடும்பத்தோட போயிட்டாங்கன்னு பக்கத்துல உக்காந்திருந்த புள்ள சொல்லுது. வேலையில அரசியல், ஸ்கூல்ல அரசியல்னு நீங்க ரெண்டா கேட்டீங்க, இங்க ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ளதான் நடக்குது.

இது மொத தடவையும் இல்ல. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபா நோட்டு செல்லாதுன்னாங்க, வாராவாரம் கையில காசு குடுத்து ஓடற ஊரு இது, எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. அடுத்த 2017 ஜூலையில ஜிஎஸ்டி. என் தம்பி ஈரோட்டுல ஜவுளி யாவாரம், அவனுக்கு வேற மாதிரி. தேர்தல் நடத்தை விதி வந்துட்டா 50,000 ரூபாய்க்கு மேல கையில கொண்டு போனா கணக்குக் காட்டோணும். திங்கக்கிழமை ராத்திரி கூடற சந்தைக்கு கேரளா, கர்நாடகாவுல இருந்து வர்றவங்க அந்த நேரத்துல வர்றதையே கொறைச்சுக்குவாங்க. ஈரோடு கிழக்குல 2023 பிப்ரவரியில ஒரு இடைத்தேர்தல், 2024 ஏப்ரல்ல பார்லிமெண்ட் தேர்தல், 2025 பிப்ரவரியில மறுபடி ஒரு இடைத்தேர்தல். ஓட்டுக்கு காசு குடுக்கறதைத் தடுக்க வந்த விதிதான், வேண்டாம்னு சொல்லல, ஆனா நடுவுல மாட்டறது பில்லு கூட சரியா போடத் தெரியாத சின்ன யாவாரிங்க.

2023 மார்ச்சுல நடந்தது இன்னும் மோசம். தமிழ்நாட்டுல வடமாநிலத் தொழிலாளிங்கள அடிச்சுக் கொல்றாங்கன்னு வேற எங்கயோ எடுத்த வீடியோவெல்லாம் சேத்துப் பரப்பி விட்டாங்க, பீகார் சட்டசபையிலயே அதப் பேசினாங்க, அங்கிருந்து அதிகாரிங்க குழு ஒன்னு திருப்பூருக்கே வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. பொய்யின்னு தெரியறதுக்குள்ள ரயில்வே ஸ்டேஷன்ல கூட்டம் நிக்குது, ஹோலிக்குப் போறவங்க எத்தனை பேரு, பயந்து போறவங்க எத்தனை பேருன்னு பிரிக்கவே முடியல. எங்க யூனிட்ல செக்கிங்ல இருந்த பையன் கிட்ட இவரு போன குடுத்து "உங்க அம்மாகிட்ட பேசு சாமி, நல்லா இருக்கேன்னு சொல்லு"ன்னு சொன்னாரு. அந்தம்மா அந்தப் பக்கம் அழுகறது எங்களுக்கே கேட்டுச்சு. யாரோ ஓட்டுக்காகப் பேசின பேச்சு அது.

இப்ப ஸ்கூலுக்கு வர்றேன், இதுல எனக்கு ஆதங்கம் ஜாஸ்தி.

2011ல ஆட்சி மாறினப்ப, எல்லா ஸ்கூலுக்கும் ஒரே பாடம்னு கொண்டு வந்த சமச்சீர் புத்தகம் அச்சடிச்சு ரெடியா இருக்குது, ஆனா குடுக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. கேஸ் ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டுன்னு போயி ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் தீர்ப்பு வந்துச்சு. ஜூன்ல ஸ்கூல் தொறந்து அது வரைக்கும் புள்ளைங்க கையில புத்தகம் இல்ல. கரும்பலகையில எழுதிப் போடறது, கதை சொல்றது, கணக்குல பழைய பாடத்தையே திருப்பி நடத்தறதுன்னு ஓட்டினோம். கடைசியா புத்தகம் வந்தப்ப கூடவே ஸ்டிக்கரும் வந்துச்சு. முந்தின வருஷம் கோயமுத்தூர்ல நடந்த செம்மொழி மாநாட்டு சின்னத்து மேல ஒட்டோணும், சில பகுதிய மறைக்கோணும். ஒக்காந்து ஒட்டினோம். புள்ளைங்க என்ன பண்ணும்னு நினைக்கறீங்க, மொத வேலையா நகத்தால சொரண்டி அடியில என்ன இருக்குதுன்னு பாத்துச்சுங்க, "டீச்சர், இதுல திருவள்ளுவர் தான இருக்காரு, ஏன் மறைச்சோம்"னு ஒரு பொண்ணு கேட்டா. அந்தக் கேள்விக்கு ஒரு டீச்சரா என்ன பதில் சொல்ல முடியும் சொல்லுங்க.

எல்லாமே அப்படி இல்ல, அதையும் சொல்லோணும். 2021ல ஆட்சி மாறினப்ப பழைய முதலமைச்சருங்க படம் போட்ட ஸ்கூல் பை நெறைய இருப்பு இருந்துச்சு, அதை வீணாக்காம அப்படியே குடுங்கன்னு ஸ்டாலின் சொன்னாரு. எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு, எந்தக் கட்சி பண்ணியிருந்தாலும் புடிச்சிருக்கும்.

மும்மொழி சண்டை வந்துச்சுல்ல, மும்மொழியும் சேந்த தேசியக் கல்விக் கொள்கைய ஏத்துக்கற பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்துல நம்ம மாநிலம் கையெழுத்துப் போடலைன்னு, ஸ்கூலுக்காக மத்திய அரசுகிட்ட இருந்து 2024-25க்கு வர வேண்டிய சமக்ர சிக்‌ஷா பணம் 2,152 கோடி நின்னுச்சு. நான் இருமொழி போதும்னு நினைக்கறவ, 1965ல பொள்ளாச்சியில இந்தி எதிர்ப்புல சுட்டப்ப என்ன நடந்துச்சுன்னு எங்க அமுச்சி சொல்லக் கேட்டு வளந்தவ. ஆனா பணத்த நிறுத்தினது எங்க போயி விழுந்துச்சு பாருங்க. அந்தப் பணத்துலதான் ஃபீஸ் குடுக்கோணும்ங்கறதால, தனியார் ஸ்கூல்ல 25 சதவீத இலவச சீட்டுக்கு ஏப்ரல், மே மாசம் தொறக்க வேண்டிய விண்ணப்பம் 2025ல அக்டோபர்ல தான் தொறந்துச்சு. எங்க தெருவுல அயர்னிங் வேலைக்குப் போறவரு அதுக்காகவே பொண்ண எங்கயும் சேர்க்காம காத்துட்டு இருந்தாரு, நான் சத்தம் போட்டு எங்க ஸ்கூல்லயே ஒன்னாப்பு சேத்து விட்டேன். அதே ஒன்னாப்புல ஒடிசா புள்ளைங்க, பீகார் புள்ளைங்கெல்லாம் உக்காந்து அ, ஆ எழுதுதுங்க. ஆறு மாசத்துல "டீச்சர், இவன் என்ற பென்சில புடுங்கிட்டானுங்க"ன்னு நம்மூரு பேச்சுலயே புகார் சொல்லுதுங்க. மொழி அதுங்களுக்கு ஒரு தொந்தரவே இல்ல.

இதெல்லாத்தையும் விட ஆழமா இருக்கறது சாதி. ஸ்டாஃப் ரூம்ல கட்சி பேச மாட்டாங்க, "குரூப்ல அரசியல் போடாதீங்க"ன்னு ஹெச்எம் வாட்ஸ்அப்ல சொல்லிருவாங்க. ஆனா புதுசா ஒரு டீச்சர் மாறுதல்ல வந்தா மொத நாளே "உங்களுக்கு எந்த ஊருங்க, குலதெய்வம் எதுங்க"ன்னு ஆரம்பிச்சு சாதிக்குள்ள எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலப்பிரிவுங்கற வரைக்கும் போயிருவாங்க, பதில் அவங்க எதிர்பாத்த மாதிரி இல்லைன்னா டிபன் பாக்ஸ் திறக்கற எடமே மாறிரும். 2018ல அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்துல சத்துணவு சமைக்க வந்த அம்மா தலித்துங்கறதால சமைக்கக் கூடாதுன்னு ஊர்க்காரங்க தடுத்தாங்க, கேஸ் ஆச்சு. சோறு புள்ளைங்களுக்கு, சண்டை பெரியவங்களுக்கு. இதப் பேசாம இருக்கறதுதான் அமைதின்னு எங்க பக்கம் நெறையப் பேரு நம்பறாங்க. அந்த அமைதி யாருக்கு வசதியோ அவங்கதான் "இங்க அரசியல் வேண்டாம்"னும் சொல்றாங்க, இத நான் அழுத்தியே சொல்லுவேன்.

2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தப்ப பூத் வேலை என் தலையில. வரிசையா ஒட்டிக் கட்டின லைன் வீட்டுக்கெல்லாம் சாயங்காலம் போயி பாரத்தக் குடுத்து, 2002, 2005 பட்டியல்ல உங்க பேரோ உங்க அப்பா அம்மா பேரோ இருக்குதான்னு கேக்கோணும். வாடகைக்கு மாறி மாறி இருக்கறவங்க, ஷிப்ட் முடிஞ்சு எட்டு மணிக்கு மேலதான் கையில கெடைப்பாங்க. அங்க ஒரு அம்மா, செக்கிங் வேலைக்குப் போறவங்க, பையன் எங்க ஸ்கூல்லதான் ஆறாப்பு. "நமக்கெல்லாம் எதுக்குங் டீச்சர் இது, யாரு வந்தாலும் நாங்க தெச்சாத்தான் சோறு"ன்னாங்க. பாரத்த நானே பக்கத்துல உக்காந்து நிரப்பிக் குடுத்தேன், அப்படியே பெத்தவங்களும் டீச்சருங்களும் இருக்கற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒரு தடவை வாங்கன்னு கூப்பிட்டேன்.

வந்தாங்க. அந்தக் கூட்டத்துல வழக்கமா வார்டுல இருக்கற கட்சிக்காரங்கதான் பேசுவாங்க, பெத்தவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க. இந்தம்மா எந்திரிச்சு பொம்பளப் புள்ளைங்க கக்கூஸ்ல தண்ணி வர்றதே இல்ல, எங்க கம்பெனியிலயே தண்ணி வருது, இங்க ஏன் வரலைன்னு கேட்டாங்க. தீர்மானத்துல எழுத வெச்சோம். மோட்டார் மாத்தியாச்சு. ஒதுங்கி இருக்கறது எப்படின்னு கேட்டீங்களே, உங்க புள்ள ஸ்கூல்லயும் அந்தக் குழு இருந்தா அடுத்த கூட்டம் என்னிக்குன்னு கேட்டு வெச்சுக்கங்க, அன்னிக்கு அரை நாள் லீவு போட்டுட்டாச்சும் போயிட்டு வாங்க.