குசினிக் கல்லில் இன்னும் இரண்டு அங்குலம்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. பான்ட்ரி கிரனைட்டில் பதித்திருந்த இரண்டு பேர்னர் காஸ் அடுப்பை மாற்றி நான்கு பேர்னர் வாங்கிவிட்டோம். பழைய துவாரம் 510 × 440 மி.மீ. புதியதற்கு 560 × 490 வேண்டும். கல்லைக் கழற்றாமலே வெட்டலாம் என்கிறார் மேசன் பாஸ். வெடிக்காதா?

பதில்: வெட்டலாம். ஆனால் முதலில் துவாரத்துக்கு முன்னால் எவ்வளவு கல் நிற்கும் என்று பாருங்கள். மேடையின் ஆழம் 600 என்றால் 490 போக மிச்சம் முன்னுக்கும் பின்னுக்குமாக 110 தான். முன்பட்டி 50 மி.மீட்டருக்குக் குறைந்தால் கை வைக்காதீர்கள், வெடிப்பு அங்கேதான் வரும். சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே, அடுப்போடு வரும் கைநூல் கேட்கும் இடைவெளி கிடைக்குமென்றால் கூட்ட வேண்டிய 50 மி.மீட்டரையும் பின்பக்கமே எடுங்கள். அகலத்தையும் ஒரே பக்கம், சிங்க்குக்கு எதிர்ப்பக்கமாக, கூட்டுங்கள். நாலு பக்கமும் 25, 25 என்று சுரண்டுவதை விட வேலை பாதி, ஒரு மூலையும் தொடப்படாமல் தப்பும். தொடப்படாத அந்தப் பழைய மூலையில் தண்ணீர் தடவித் துடைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் அது மட்டும் கருமையாகத் தெரியும்.

துவாரத்தைக் கைநூலை மட்டும் நம்பி வரையாமல் அட்டையில் வெட்டி, அடுப்பின் அடிப்பெட்டியில் போட்டுப் பார்த்தே கோடு போடுங்கள். அடுப்பின் விளிம்பு 590 × 520 என்றால் கல்லை மூடுவது பக்கத்துக்கு 15 மி.மீ. மட்டுமே.

வெட்டுமுன் சிலிண்டரைக் கழற்றி வெளியே வையுங்கள். லாச்சிகளை எடுத்துவிட்டு முன்பட்டிக்கு அடியில் 2 × 1 அங்குல மரச்சட்டம் கொடுத்து முட்டு வையுங்கள். புதிய மூலைகளில் 10 அல்லது 12 மி.மீ. டயமண்ட் பிட்டால் துளை போட்ட பிறகுதான் கிரைண்டர் வரவேண்டும். கூர்மூலையில் இழுவிசை குவிந்து வெடிப்பு கிளம்பும், வட்டமான மூலையில் அது பரவிவிடும். இன்னொன்று: 4 அங்குல பிளேட் வட்டமானது. மேலே வெட்டு மூலையைத் தொடும்போது அடியில் ஏறக்குறைய 3, 4 செ.மீ. வெட்டுப்படாமல் நிற்கும். அதையும் முடிக்க பாஸ் மூலையைத் தாண்டி ஓட்டுவார், விடாதீர்கள். மிச்சத்தை அலுமாரிக்குள்ளிருந்து, அடிப்பக்கமாக வெட்டச் சொல்லுங்கள்.

20 மி.மீ. கல்லை ஒரே இழுப்பில் வெட்டாமல் நாலு தடவையாக, ஒவ்வொன்றும் 5 மி.மீ. ஆழத்தில் இறக்கவேண்டும். வெட்டி எடுக்கப்போகும் கழிவுப்பட்டியில் 5 செ.மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டுப் போட்டுத் துண்டு துண்டாக எடுங்கள். கடைசித் துண்டைச் சுத்தியலால் தட்டுவதுதான் முன்பட்டியைக் கொல்லும். போத்தலில் தண்ணீரைச் சொட்டாக விட்டால் தூசியும் சூடும் அடங்கும். மெஷினில் நேரே படக்கூடாது, 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் இல்லாத பிளக்கில் கொழுவவும் கூடாது.

வெட்டிய விளிம்புக்கு ஸ்டோன் சீலர் பூசுங்கள். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கினால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கீழே சிப்போர்ட் ஊதிவிடும். அடுப்பின் விளிம்புக்கு அடியில் ஒட்ட, அதோடு வரும் ஸ்பொஞ்ச் பட்டியே போதும். சிலிக்கனால் ஒட்டினால் பழுது பார்க்கக் கழற்றுவது பெரும்பாடு.

கேள்வி: எங்களுடையது குவார்ட்ஸ் கல். இதே முறைதானா?

பதில்: வீட்டுக்குள் வெட்டவே வேண்டாம். செயற்கைக் குவார்ட்ஸில் சிலிக்கா 90 சதவீதத்தையும் தாண்டலாம், அதன் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும். இந்த வகைக் கல்லை அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் தடையே செய்துவிட்டது. கல்லைக் கழற்றி, தண்ணீரோடு வெட்டும் பட்டறைக்கு அனுப்புங்கள். அதில் ரெசின் (பிளாஸ்டிக் பசை) கலந்திருப்பதால் சூட்டுக்கும் கிரனைட் போலத் தாங்காது. அடுப்பைச் சுற்றிக் கைநூல் சொல்லும் இடைவெளியில் ஒரு மி.மீ. கூடக் குறைக்காதீர்கள்.

கேள்வி: காஸுக்குப் பதில் அதே துவாரத்தில் நாலு தட்டு இன்டக்‌ஷன் வைக்கலாமா?

பதில்: துவாரம் பொருந்தலாம், கரண்ட் பொருந்தாது. 7.2 கிலோவாட் அடுப்பு 230 வோல்ட்டில் 31 ஆம்பியர் இழுக்கும். உங்கள் வீட்டு இணைப்பு ஒற்றை ஃபேஸ் 30 ஆம்பியர் என்றால் நாலு தட்டும் எரியும்போது வீட்டின் மற்றப் பாவனையும் சேர்ந்து பிரேக்கர் விழலாம். மொத்தச் சக்தியைக் குறைத்து செட் பண்ணக்கூடிய மொடலா என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர். கீழே லாச்சி இருந்தால் காற்றோட்டத்துக்குக் கைநூல் கேட்கும் இடைவெளியும் விடவேண்டும்.